என் பேரில் எழுந்த கோபுரம்

சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் குழியில் கொட்டித் தண்ணீரை ஊற்றியதும் அது சீறிக்கொண்டு பொங்கும்; அப்போது எழும் சூடான ஆவியில் நனைந்த மண்ணும் பழைய துணியும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்து தொண்டையில் லேசாகக் காந்தும். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது என்பதை எங்களுக்கு முதலில் அறிவித்தது அந்த வாசனைதான். நட்சத்திரம், கேக்கு, புதுப் பாவாடை எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. போடிநாயக்கனூரில் முந்தல் போகும் சாலையோரம் இருந்த எங்கள் லுத்தரன் கோயிலுக்கு ஒவ்வொரு கார்த்திகைக் கடைசியிலும் சபைக் குடும்பங்களே சேர்ந்து வெள்ளையடிப்பது வழக்கம். கூலிக்கு ஆள் வைத்தால் அது கௌரவக் குறைச்சல். டவுனில் மளிகைக் கடை வைத்திருப்பவரும், மேல்மலையில் ஏலக்காய்க் காட்டில் களை எடுப்பவரும் அன்றைக்கு ஒரே குழியில் வாளியை மொண்டு, ‘மட்டை’ என்று சொல்லும் நார்த் தூரிகையால் சுவரை அடித்துத் தள்ளுவார்கள். வருஷா வருஷம் பூசிப் பூசி அந்தச் சுண்ணாம்பு தோசைக்கு மேல் தோசை அடுக்கிய மாதிரித் தடித்துப் போயிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் பிள்ளைகளாகிய எங்களுக்குப் போன வருஷச் சுவர், அதற்கு முந்தின வருஷச் சுவர் என்று வந்துகொண்டே இருக்கும். உள்ளே இருந்த உண்மையான சுவரை எங்களில் யாரும் பார்த்ததில்லை.

அதைத் தவணை முறையில் கட்டிய கோயில் என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் மலைப்புல் வேய்ந்த ஒரு கொட்டகை இருந்ததாம். ஒரு கோடையில் அது தீப்பிடித்து எரிந்து போனதாம். பிறகு மாட்டு வண்டியில் வந்து இறங்கிய ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார், குடைக்கம்பால் தரையில் நீளவாக்கில் ஒரு கோடும் குறுக்குவாக்கில் ஒரு கோடும் கிழித்து, இதுதான் கோயில் என்றாராம். எங்கள் பக்கம் எந்தப் பழைய கட்டடத்தின் கதையிலும் ஒரு குடையோ கைத்தடியோ கட்டாயம் வந்துவிடும். அதனால் அந்தக் குடையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நம்பத்தக்கது சுவர். கொட்டகுடி ஆற்றிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்த உருண்டைக் கல்லை, உமி கலந்து மிதித்த செம்மண் சேற்றில் பதித்து எழுப்பிய அகலமான சுவர், அதன்மேல் சுண்ணாம்புக் காரை. கட்ட வந்தவர்கள் ஜமீன் அரண்மனையில் வேலை பார்த்துப் பழகியவர்கள். தெரிந்ததைத்தானே செய்வார்கள்? வளைவுகளின் உச்சியில் ஆளுக்கொரு தாமரை மொட்டு, தூண்களின் தலையில் வாழைப்பூத் தொங்கல், பீடத்துக்கு மேலே அரைவட்டத்தில் இரண்டு கிளிகள் என்று அவர்கள் பாட்டுக்கு வைத்துவிட்டார்கள். பாதிரியார் அந்தக் கிளிகளைப் புறா என்று நினைத்துக்கொண்டு மெச்சினார் என்றும், மூக்கு வளைந்திருப்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை என்றும் பெரியவர்கள் சிரிப்பார்கள்.

தூண்களுக்குப் பூசிய காரையில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் முட்டை வெள்ளையும் சேர்த்து அரைத்திருந்தார்களாம். வெயில் காலத்தில் கன்னத்தை அதில் ஒட்டவைத்தால் ஜில்லென்று இருக்கும். ஆராதனை நடக்கும்போது நாங்கள் அதற்காகவே தூணை ஒட்டி இடம் பிடிப்போம். கூரைக்கு முதலில் நாட்டு ஓடு. பிறகு மதுரையிலிருந்து ரயில் வந்த காலத்தில் சீமை ஓடு. அதைத் தாங்கிய மரங்கள் மேல்மலையிலிருந்து யானை இழுத்து வந்தவை. அதற்கும் பிறகு, பண்டிகைக்கு இறங்கி வரும் தோட்டத்து ஜனங்கள் பெருகிப் போனதால், வடக்குச் சுவரை உடைத்து ஒரு சிறகு சேர்த்தார்கள். ‘மலைப்பக்கம்’ என்று அதற்குப் பேர். கூரை தாழ்வு, காற்றும் குறைவு. அங்கே உட்கார்ந்தால் பிரசங்கம் செய்பவரின் பாதி முகம் தூணுக்குப் பின்னால் போய்விடும். ஊரில் கீழே இருப்பவர்களுக்குக் கோயிலில் நடுவிடம், மேலே மலையில் இருப்பவர்களுக்கு ஓரம் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் ஒருவர்கூட மாறி உட்காரவில்லை.

நாங்கள் மலைப்பக்கத்தார். என் அப்பா ஞானமுத்து, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணி. என் படிப்புக்காக அம்மாவும் நானும் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா சனிக்கிழமை ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்து இறங்குவார். சட்டையில் விறகுப் புகையும் ஏலக்காயும் சேர்ந்து மணக்கும்.

கோயிலின் மேற்கு முகப்பில் மணிக்கூண்டு இருந்தது. கூண்டு என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். கூரைக்கு மேல் ஓர் ஆள் உயரம் எழும்பி, கை சலித்துப்போய் அப்படியே விட்டுவிட்ட மாதிரி ஒரு சதுரக் கட்டை அது. அதன் அடியில் இருந்த வளைவுதான் தலைவாசல். சுற்றி நின்ற புளிய மரங்கள் அதைவிட உயரம். கட்டியவர்கள் ஏன் அந்த உயரத்தில் நிறுத்தினார்கள் என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். காசு தீர்ந்திருக்கும் என்று பிற்பாடு வந்தவர்கள் தாங்களாகவே ஒரு முடிவு கட்டிக்கொண்டார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் மலையில் இருந்தபோது எனக்குக் காய்ச்சல் கண்டது. எழுபதுகளின் நடுப்பகுதி. கேரளத்து மழை அந்த வருஷம் முந்திக்கொண்டு பிடித்துவிட்டது. தோட்டத்து மாத்திரைக்குக் காய்ச்சல் அடங்கவில்லை. நினைவு தப்பிப் போன என்னைக் கம்பளியில் சுருட்டி ஜீப்பில் போட்டுக்கொண்டு அப்பாவும் அம்மாவும் கீழே கிளம்பினார்கள். ஓட்டியவர் பூப்பாறைப் பக்கத்து மலையாளி. “பேடிக்கண்டா அண்ணே, பேடிக்கண்டா” என்று, பயப்படாதீர்கள் என்பதையே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாராம். போடிமெட்டைத் தாண்டிச் சில வளைவுகள் இறங்கியதும் பாறை சரிந்து ரோட்டை அடைத்திருந்தது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார். அம்மா பின்னால் குடையோடு ஓடி வந்தாள். இவையெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு வளைவில் மேகம் விலகிக் கீழே போடி முழுக்கத் தெரிந்ததாம். அங்கே மழையே இல்லை, நல்ல வெயில். அப்பா நின்றுவிட்டார். என் மூச்சு அவர் கழுத்தில் விட்டு விட்டுப் பட்டுக்கொண்டிருந்தது. பெருமாள் கோயில் கோபுரம் தெரிந்தது, சினிமாக் கொட்டகைத் தகரம் தெரிந்தது, ரயில் நிலையத்துப் புகை தெரிந்தது. எங்கள் கோயிலை மட்டும் காணோம். புளிய மரத்துப் பச்சைக்குள் அது இருந்த இடமே தெரியவில்லை.

“ஆண்டவரே, ஒம்ம வீடு எந்தத் தெசையில இருக்குன்னுகூடத் தெரியலையே! நான் எங்கன பாத்துக் கேக்குறது?” என்று அப்பா மலையே எதிரொலிக்கக் கத்தினார் என்று அம்மா சொல்வாள். கத்தியவர் பிறகு அழுதார். “எம் புள்ளைய எனக்குக் குடுத்துரும். இங்கன நின்னு பாத்தாலும் தெரியிற மாதிரி ஒம்ம கூண்ட ஒசத்திக் கட்டுறேன். இது பொருத்தனை.”

பிள்ளையைக் கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் கண்ணைத் திறந்தபோது பார்த்த முதல் பொருள் அப்பாவின் சவரம் செய்யாத தாடை. அதற்கு முன்னால் எத்தனை நாள் அப்படிக் கிடந்தேன் என்பதை இருவருமே என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை.

பொருத்தனை என்பது எங்கள் சபையில் புதிதல்ல. வேதத்தில் எப்படி இருந்தாலும், பிள்ளை பிழைத்தால் கோயிலுக்கு ஒன்று சேர்ப்பது என்பது போடி வட்டாரத்தில் எல்லாச் சாமிக்கும் பொது. எங்கள் கோயிலின் ஞானஸ்நானத் தொட்டி ஒரு பொருத்தனை. கிழக்கு ஜன்னல் ஒரு பொருத்தனை. பீடத்துக்கு ஏறும் படியில் பதித்த கல் இன்னொன்று. ஆனால் கோபுரத்தையே உயர்த்துகிறேன் என்று அதுவரை யாரும் கிளம்பியதில்லை. எங்கள் சபைகளில் போதகரை ‘ஐயர்’ என்போம். அப்போதிருந்த பெரிய ஐயர் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினார்.

“ஞானமுத்து, கிருபைங்கிறது இனாம். அதுக்கு நாம வெலை குடுக்க முடியாது. நம்ம சபை நிக்கிறதே இந்த ஒரு போதனை மேலதான்.”

“வெலை குடுக்கலங்கய்யா. வாக்குக் குடுத்துட்டேன். வாக்கு மாறுனா புள்ள தங்குமா?”

ஐயருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர் சரி என்று தலையாட்டிவிட்டார். அது மட்டுமில்லை, சபைக்கே உள்ளூரக் கோபுர ஆசை இருந்தது. மலைப்பக்கத்தாருக்கோ கேட்கவே வேண்டாம்: ஓரத்தில் உட்கார்ந்தே பழகிய ஒருவன் கோயிலின் முகப்புக்குக் கை வைக்கிறான் என்றால் சும்மாவா? டவுன்காரர்களில் சிலருக்குத் தயக்கம் இருந்திருந்தாலும், சொன்னால் மலைக்காரனை மட்டம் தட்டிய மாதிரி ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

கொத்தனார் சுருளி சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். தட்டியது சுவரை அல்ல, தலைமுறை தலைமுறையாகத் தடித்த சுண்ணாம்பை. “கல்லுக்கட்டு அண்ணே. யானை ஏறி நின்னாலும் அசையாது. கண்ண மூடிக்கிட்டு ஏத்தலாம்” என்றார். அவரும் நல்ல மனதோடுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஜனங்கள் ஜீப்பு ஜீப்பாக இறங்கி வந்து செங்கல் சுமந்தார்கள். மண்ணும் சுண்ணாம்பும் மட்டுமே கண்டிருந்த அந்தக் கட்டடத்துக்குள் முதன்முதலாகச் சிமெண்டு மூட்டை வந்தது. பழைய கட்டையின் தலைமேல் செங்கல்லும் சிமெண்டுமாக ஓர் அடுக்கு ஏறி, அதன்மேல் கூர்மையான முடியும், முடிமேல் சிலுவையும் ஏறின.

பிரதிஷ்டை முடிந்த மறுநாள் அப்பா என்னை அந்த வளைவுக்குக் கூட்டிப் போனார். ஜீப்பை நிறுத்தி இறக்கி, என் தலையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். புளிய மரங்களுக்கு மேலே வெள்ளையாக, சின்ன விரல் நுனி அளவுக்கு, அது தெரிந்தது. “அந்தா பாரு ஆத்தா. அது ஒன்னோடது” என்றார். அன்றிலிருந்து அந்த வளைவில் எல்லா ஜீப்பும் வேகம் குறையும். வெற்றிலை போட்ட வாய்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி, “நம்ம கோயிலு, நம்ம கோயிலு” என்னும். பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘கோபுரத்துப் புள்ள’ என்று பட்டப்பேர். கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். நான் அதைப் பட்டம் சூட்டியதாக எடுத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன்.

முதல் கீறல் தலைவாசல் வளைவில் வந்தது, தாமரை மொட்டுக்குப் பக்கத்தில், தலைமயிர் அளவுக்கு. அந்த வருஷ வெள்ளையில் அது மறைந்துவிட்டது. கோடையில் மறுபடி கண்ணைத் திறந்தது. மறுபடி கார்த்திகை, மறுபடி வெள்ளை. பிறகு வெறும் வெள்ளை போதாமல் சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து உள்ளே திணித்து, மேலே மட்டையால் இரண்டு அடி அதிகமாக அடித்தார்கள். பக்தியோடுதான் செய்தார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கோயில் புதுசு மாதிரி இருந்தது; ஒவ்வொரு சித்திரையிலும் கீறல் இன்னும் கொஞ்சம் அகலமாக வந்து நின்றது. எண்பதுகள் பிறந்தபோது கூண்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் என் உள்ளங்கை நுழையும். அதற்குள் சிட்டுக்குருவி குடித்தனம் நடத்தியது.

பெரிய ஐயர் மாறிப் போய் இளவயது ஐயர் ஒருவர் வந்திருந்தார். அவர் மதுரையிலிருந்து ஓர் இன்ஜினீயரை வரவழைத்தார். அந்த மனிதர் தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தார். வளைவுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் சுண்ணாம்பையெல்லாம் கொத்தி எடுத்து, உள்ளே இருந்த உருண்டைக் கல்லையும் செம்மண்ணையும் எங்களுக்கே காட்டினார். மேலடுக்குச் சிமெண்டில் விழும் மழைத் தண்ணீர் முழுவதும் கீழே இந்த மண்ணுக்குள்தான் இறங்குகிறது என்றும், மண் இளகி இளகிக் கூண்டு மேற்கே சாய்கிறது என்றும், சாயும்போது கோயிலையும் கையோடு இழுக்கிறது என்றும் விளக்கினார். மேலடுக்கை மட்டும் இறக்கிவிட்டால் போதும், பழைய கோயில் இன்னும் நூறு வருஷம் நிற்கும், ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால் இறக்கியாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது வைகாசி. நேரம் தாராளமாக இருந்தது.

சபைக் கூட்டம் போட்டார்கள். எல்லாருக்கும் புரிந்திருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவன் பொருத்தனையை, அதுவும் ஒரு பிள்ளையின் உயிருக்காக ஏற்றியதை, இடி என்று எந்த வாய் சொல்லும்? நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது? எங்கள் தெருவில் வேறு சாமி கும்பிடுகிறவர்கள்கூட, “நேந்துவிட்டதத் தொடக்கூடாதுப்பா” என்று அப்பாவுக்காகப் பரிந்து பேசினார்கள். கடைசியில் ஐயர், “ஞானமுத்து அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான்” என்று இழுத்தார். அத்தனை பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். பிறகு, மலைப்பக்கத்தில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “எனக்கு மேல சோலி கெடக்கு” என்று வெளியே போய்விட்டார்.

அம்மா அன்றைக்கு வீட்டில் விட்ட பேச்சு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். “புள்ளையக் காப்பாத்துனது ஆண்டவரா, செங்கல்லா? ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்! ஊரு மொத்தமும் நம்ம வாயப் பாத்துக்கிட்டு நிக்குது.” அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இடிச்சிரச் சொல்லுங்கப்பா. எனக்கு ஒண்ணும் ஆகாது.”

“ஒண்ணும் ஆகாதுன்னு நீ எப்பிடி ஆத்தா சொல்லுவ?” அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். “அன்னைக்கு நீ கண்ணு முழிக்கல. நாந்தான பாத்தேன். ஒனக்குத் தெரியாது.”

நான் நன்றாக இருக்கிறேன், ஓடுகிறேன், ஆடுகிறேன், கணக்கில் முதல் மார்க்கு வாங்குகிறேன் என்பதெல்லாம் அவருக்கு என் பேச்சுக்குச் சாட்சி இல்லை. அந்தக் கோபுரத்துக்குத்தான் சாட்சி. நான் எவ்வளவுக்கு எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தேனோ அவ்வளவுக்கு அவ்வளவு அவர் அதை இடிக்கப் பயந்தார். அந்த வயதிலேயே அது எனக்கு விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்ய?

மறுநாள் மலைக்குப் போனவர் மாதக்கணக்கில் இறங்கவில்லை. ஐயர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். அப்பா இல்லாமல் ஒரு கல்லைக்கூடத் தொட யாருக்கும் துணிவில்லை. ஆனி போனது, ஆடி போனது. ஆவணியும் புரட்டாசியும் போயின. நான் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அந்த இடுக்கைப் பார்ப்பேன். பார்க்காமல் போக முயன்றாலும் கண் போய்விடும். கோயில் எனக்காகச் செத்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். யாரிடமாவது சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நனைந்த கம்பளியோடு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். பஸ்சு நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வராமல் நேராகக் கோயிலுக்குப் போயிருக்கிறார். ஆராதனையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே ஞாயிறு பள்ளி முடிந்து வந்த சின்னப் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்க ஓடிப்போய் நின்ற இடம் கூண்டுக்கு அடியில் இருந்த தலைவாசல் வளைவு. குறுக்கே கட்டியிருந்த கயிற்றுக்குக் கீழே புகுந்து, ஒன்றை ஒன்று தள்ளிச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. அப்பா அலறிக்கொண்டு ஓடி, இரண்டு கையாலும் அவற்றை வாரி வெளியே இழுத்துப் போட்டார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒரு பயலுக்கு முழங்கை உரிந்துவிட்டது. கத்தியதில் ஐயர் வெளியே ஓடி வந்தார்.

“எறக்கிருங்கய்யா. வெரசா எறக்கிருங்க” என்றார் அப்பா. “அடுத்தவன் புள்ளைக நிக்குதுக அடியில.”

வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டார். நான் போனேன். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஊரார் பிள்ளைகளுக்காகத் தன் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பதாக அவர் நம்பினார். அந்தப் பார்வையை விளக்க எனக்கு இன்றுவரை வார்த்தை கிடைக்கவில்லை. என்னை வழியனுப்புகிறவர் மாதிரி இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

மழை கொஞ்சம் விட்டதும் ஆட்கள் ஏறினார்கள். முதலில் சிலுவை இறங்கியது, பிறகு மணி, பிறகு கூர்முடி. அப்பா அங்கே போகவில்லை. வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. கொல்லைப் பக்கம் போகக்கூட அம்மா கெஞ்ச வேண்டியிருந்தது. மத்தியானம் ஆட்கள் சாப்பிட இறங்கிப் போன நேரத்தில் அந்தச் சத்தம் வந்தது. இடி மாதிரி வெடித்து வரவில்லை. பெரிய மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து ஓடுகள் சரசரவென்று சரியும் சத்தம், நீண்ட நேரத்துக்கு. கூண்டு விழவில்லை, இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். உட்காரும்போது முகப்பையும் தலைவாசலையும் பாதிக் கூரையையும் மலைப்பக்கத்துச் சிறகையும் மடியில் போட்டுக்கொண்டது. தெருவே கோயிலைப் பார்த்து ஓடியது. அம்மாகூட ஓடினாள். அப்பா எழுந்திருக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆண்டவர் காத்தார் என்று சபையார் துதித்தார்கள். ஆனால் கோயில் போய்விட்டது. மிச்சமிருந்த சுவர்களும் ஆபத்து என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். கிளிகள் இருந்த அரைவட்டத்தை இடித்தபோது நான் பார்க்கப் போகவில்லை. வைகாசியிலேயே இறக்கியிருந்தால் அது இன்றைக்கும் நிற்கும். எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அதை எங்கள் காதுபடச் சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூட அப்பாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “ஞானமுத்து அண்ணே, காபி சாப்புட்டுட்டுப் போங்க” என்று வழக்கத்தைவிட அன்பாகக் கூப்பிட்டு அவரைக் கொன்றார்கள்.

நான் சாகவில்லை. அதற்குப் பிறகு அப்பா இருந்த வருஷங்கள் முழுக்க அதை அவர் நம்பவில்லை. தலைவலி என்றால் போதும், மலையிலிருந்து இறங்கி வந்துவிடுவார். எனக்குக் கல்யாணமாகி மதுரைக்கு வந்த பிறகும், பிள்ளை பெற்ற பிறகும், தலை நரைக்கத் தொடங்கிய பிறகும், “ஒடம்பு எப்பிடி இருக்கு ஆத்தா?” என்று அவர் கேட்டால் அது விசாரிப்பு இல்லை, தவணை கேட்பது. கடைசியில் அவர்தான் முன்னால் போனார். என்னை உயிரோடு விட்டுவிட்டுப் போகிறோம் என்பதைத் தவிர அவருக்கு வேறு நிம்மதி இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது அதே இடத்தில் கான்கிரீட்டில் பெரிய கோயில் நிற்கிறது. கிரானைட் தரை, வரிசையாக மின்விசிறி, எல்லாரும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். மலைப்பக்கம் என்று ஒன்று இல்லை. அதில் எனக்கு வருத்தமே கிடையாது, சந்தோஷம்தான். மணிக்குப் பதில் ஒலிபெருக்கியில் பதிவு செய்த மணியோசை வருகிறது. சாலையை அகலப்படுத்தியதில் புளிய மரங்களும் போய்விட்டன. போடிமெட்டு வளைவில் நின்று பார்த்தால் செல்போன் கம்பங்கள் தெரிகின்றன. ஏலக்காய் ஏற்றும் ஜீப்புகள் அங்கே வேகம் குறைப்பதில்லை. உருண்டைக் கல்லில் அப்படி ஒரு கோயில் இருந்தது என்று சொன்னால் இப்போதிருக்கும் பிள்ளைகள் மரியாதைக்குத் தலையாட்டுகிறார்கள்.

போன வருஷம் என் மகள் வயிற்றுப் பேரனுக்கு டெங்கு வந்தது. அவன் பிழைத்துவிட்டான், இப்போது பள்ளிக்கூடம் போய் எல்லாரையும் அடித்துவிட்டு வருகிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மதுரை ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்குள் அவனைக் கொண்டுபோன அன்று அது எங்களுக்குத் தெரியாது. கல்லையும் சிமெண்டையும் ஏற்றி ஆண்டவரிடம் பேரம் பேசக் கூடாது என்று உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அது எனக்குத்தான் தெரியும். தெரிந்திருந்தும் என் மனம் என்ன தருவது, என்ன தருவது என்று தேடிக்கொண்டே இருந்தது. புதுக் கோயிலுக்கு எதுவும் தேவையில்லை. அது கட்டி முடிந்துவிட்ட கோயில். தூணும் ஜன்னலும் படியும் ஒன்றையும் யாரிடமும் எதிர்பார்க்கவில்லை. அப்பாவுக்குத் தன் பயத்தைத் தூக்கி வைக்க ஓர் இடம் இருந்தது. நர்சு வெளியே வந்து, இது உள்ளே வேண்டாம் என்று அவனுடைய குட்டிச் செருப்பை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் டாக்டர் வரும்வரை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.